கேள்வி உட்கார்ந்திருக்கும், பதில் ஓடிக்கொண்டிருக்கும்

எங்கள் தொழிலில் கேள்விதான் உட்கார்ந்து காத்திருக்கும். பதில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். "கம்ப்யூட்டர்ல அப்படி என்னதான் பண்றே?" என்று விசேஷத்துக்கு விசேஷம் உறவுக்காரர்களிடம் மாட்டிக்கொள்ளும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பசுமலையில் எம்.எஸ்ஸி. கடைசி வருடம். மத்தியானத்துக்கு மேல், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் முருகேசண்ணன் நடத்தும் சின்னக் கம்பெனியில் வேலை. ஓடிவரும் எழுத்தில் தேடிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஒரு செய்தி வந்து விழுந்ததும் அதை வார்த்தை வார்த்தையாகப் பிரித்து, எந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று மெமரியிலேயே இன்டெக்ஸ் போட்டு, ஏற்கெனவே காத்திருக்கும் கேள்விகளில் எதற்காவது பொருந்துகிறதா என்று பார்ப்போம். பொருந்தினால் 'டிங்' என்று மணி அடிக்கும். அடுத்த கணமே செய்தியை அழித்துவிடுவோம். புரியாதவர்களுக்கு முருகேசண்ணன் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டுவார். கண்டக்டர் "தேனி, தேனி" என்று கத்துகிறார், தேனிக்கு நிற்கிறவர் ஏறிக்கொள்கிறார், பஸ் போய்விடுகிறது. போன பஸ்ஸை யாராவது பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்களா?

இதையே என் ப்ராஜெக்ட்டாகவும் கொடுத்தேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

டேபிள் எங்கே?

என் கைடு சாருக்கு ப்ராஜெக்ட் என்றால் டேட்டாபேஸ். டேட்டாபேஸ் என்றால் கட்டம் கட்டமாக டேபிள். என் ரிப்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

"டேபிள் எங்கம்மா?"

"டேபிளே கிடையாது சார்."

"அப்ப வர்ற டேட்டாவை எங்க வைப்பே?"

"வைக்கவே மாட்டேன் சார். வச்சுட்டுத் தேடுனா லேட்டு. ஆத்துல மீன் பிடிக்கணும்னா ஆத்தைக் கொண்டாந்து தொட்டியில ஊத்திட்டா பிடிப்பாங்க?"

"மொதல்ல வைகையில தண்ணி ஓடட்டும், அப்புறம் மீனைப் பத்திப் பேசுவோம்."

வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. சேர்த்து வைப்பதற்குப் பெயர்தான் அறிவா என்று கேட்டேன். பரணில் சாமான் அடுக்கி வைத்தவர்கள் எல்லாம் மேதைகளா என்றும் கேட்டேன். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் எனக்கு டிகிரி கிடையாது என்பது அப்போது ஞாபகத்தில் இல்லை. அவருக்கு இருந்தது. ரிப்போர்ட்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "நிஜமான ஒரு எடத்துல, நிஜமான ஜனங்களுக்கு ஓட்டிக் காட்டு, கையெழுத்துப் போடுறேன். இல்லைன்னா எல்லாரையும் மாதிரி லைப்ரரி சாஃப்ட்வேர் பண்ணிட்டுப் போ."

நேற்றைய சரக்கு

நிஜமான இடம் என்று முதலில் நான் நினைத்தது எங்கள் வாடிக்கையாளரான ஒரு உள்ளூர் கேபிள் சேனல்காரரை. அவருக்கு ஜனங்கள் அனுப்பும் புகார்களில் 'குடிநீர்' என்று வந்தால் மணி அடிக்க வேண்டும். அடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார்.

"நேத்து ஒருத்தர் டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சதைப் பத்தி அனுப்பியிருக்காராம். அதை எடுத்துக் குடும்மா."

"நீங்க குடிநீர் மட்டுந்தான கேட்டீங்க? அது அப்பவே அழிஞ்சு போச்சுங்க."

"நேத்து கேக்கணும்னு எனக்குத் தோணலைம்மா. இன்னைக்குத்தான் தோணுது."

கேள்வி முன்னால் வந்து நிற்க வேண்டும், பதில் பின்னால் வரும் என்று விதவிதமாக எடுத்துச் சொன்னேன். பஸ் உதாரணத்தையும் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாகப் பஸ்களைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு படியிறங்கிக்கொண்டே, எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்: "நேத்துச் சரக்கு இல்லைங்கிற கடைக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய போர்டு?"

மணி அடிக்காத லாட்ஜ்

அடுத்து பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ் முதலாளி. ஆரப்பாளையத்தைப் பற்றி ஊரில் யார் என்ன எழுதினாலும் தனக்கு மணி அடிக்க வேண்டும் என்றார். அடித்தது. பஸ் லேட் என்றால் மணி, பர்ஸைக் காணோம் என்றால் மணி, பரோட்டா நன்றாக இருந்தது என்றால் மணி. மத்தியானத்துக்குள் போனை எறியாத குறை. நான் கேள்வியை இறுக்கி, அவர் லாட்ஜின் பெயர் வந்தால் மட்டும் அடிக்கும்படி செய்தேன்.

அதோடு மணி நின்றுவிட்டது. ஒரு வாரம் பார்த்துவிட்டு மனிதர் நேரிலேயே வந்துவிட்டார். மிஷினில் கோளாறு இல்லை, யாரும் அவர் லாட்ஜைப் பற்றி எழுதவில்லை என்று நிரூபித்துக் காட்டினேன். எனக்குப் பெருமை. அவர் முகம்தான் வாடிவிட்டது. "ஒருத்தன்கூடவா நம்மளைப் பத்திப் பேசலை? அதுக்கு அந்த மணி அடிச்சுக்கிட்டே இருந்ததே தேவலை பாப்பா."

முருகேசண்ணனும் மெமரியும்

சார் கேட்ட மாதிரி நிஜமான இடம் ஒன்று கடைசியில் வந்தது. அழகர்கோவில் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போனவர்களைத் தேடும் தொண்டர் குழு எங்களைக் கூப்பிட்டது. கோவில் வாசலில் ஒரு பந்தல், மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பந்தல். தேடி வருகிறவர்கள் சொல்லும் அடையாளம் கேள்வியாகக் காத்திருக்கும். கண்டுபிடித்தவர்கள் அனுப்பும் செய்தி ஓடிவரும். முருகேசண்ணன் போட்ட திட்டம் அவ்வளவுதான்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. "வீட்ல தேட ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே ஆள் கெடச்சுட்டா? அந்தச் செய்தி அழிஞ்சுருமேண்ணே. பந்தலுக்கு வர்ற ஒவ்வொண்ணும் கேள்வியாவும் இருக்கணும், பதிலாவும் இருக்கணும். ஜோடி சேர்ற வரைக்கும் காத்திருக்கணும். சேர்ந்ததும் ரெண்டையும் அழிச்சுரலாம்."

"மெமரி ரொம்பி மிஷின் படுத்துரும்மா."

"ஊரே தொலைஞ்சாத்தாண்ணே ரொம்பும்."

டீ வந்தது, ஆறியது, நான் நிறுத்தவில்லை. கடைசியில் முருகேசண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சரி, போட்டுக்க. உன் வாய்க்கு மெமரியே தேவலை."

தொலைந்தது யார்?

திருவிழா அன்று கைடு சார் குடும்பத்தோடு வந்து, கோவில் வாசல் பந்தலில் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவர் நின்றிருந்தவரை ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை. குரங்கு ஒன்று, மைக்கில் அறிவிப்புச் சொல்லும் அக்காவின் வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு போனதுதான் ஒரே நிகழ்ச்சி. "தோசை வாங்கிட்டு வாரேன்" என்று சார் பிரசாதக் கடைப் பக்கம் போனார்.

அவர் தலை மறைந்ததும் பச்சைத் துண்டு போட்ட பெரியவர் ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி. மனைவியைக் காணோம், பெயர் பாண்டியம்மாள், சிவப்புச் சேலை. தட்டி முடிப்பதற்குள் டிங்! மலைப்பாதைப் பந்தலில் அதே பாண்டியம்மாள், 'பச்சைத் துண்டு போட்ட வீட்டுக்காரரைக் காணோம்' என்று தன் பெயரையும் சொல்லி ஏற்கெனவே எழுதி வைத்துக் காத்திருந்தார். இரண்டு பேருமே தேடுகிறவர்கள். கண்டுபிடிக்கப்பட்டவர் என்று யாருமே இல்லை. முருகேசண்ணன் திட்டப்படி இரண்டு கேள்விகளும் ஆளுக்கொரு பந்தலில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கும், ஒரு செய்தியும் வந்திருக்காது. நான் துள்ளிக் குதித்தேன்.

தொண்டர்கள் அந்த அம்மாவை அழைத்துவந்தார்கள். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கடி போய்த் தொலைஞ்சே?" என்றார். அந்த அம்மா அவரை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார். "நான் நின்ன எடத்துலயேதான் நின்னேன் தாயி. தொலைஞ்சது இந்த மனுசன். எம்பேரை அதுல இருந்து எடு!"

ஆதாரம்

சார் தோசையோடு திரும்பினார். நடந்ததை மூச்சு விடாமல் சொன்னேன். "எங்க, காட்டு" என்றார். திரை காலியாக இருந்தது. ஜோடி சேர்ந்ததும் அழிக்க வேண்டும் என்று முருகேசண்ணனிடம் அன்றைக்கு அடித்துப் பேசியவள் நான்தானே!

"ஒரு டேபிள்ல வச்சிருந்தா இப்பக் காட்டியிருப்பே."

டிகிரி கைநழுவுவது தெரிந்தது. ஆனால் தோற்கிற வழக்கம் எனக்கு இல்லை. "ஆதாரம் அந்தா வேப்பமரத்தடியில சண்டை போட்டுக்கிட்டு நிக்குது சார். போய்க் கேளுங்க."

சந்தேகத்தோடு போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க படிச்சவுக. நீங்களே சொல்லுங்க தம்பி, ஒரே எடத்துல நின்னவ தொலைஞ்சவளா?" என்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் மறு கையைப் பிடித்திருந்தார். சார் வாங்கி வந்த தோசை அதற்குள் இருவருக்கும் பங்காகிவிட்டிருந்தது. ஒருவழியாகக் கைகளை விடுவித்துக்கொண்டு வந்தவர், பேனாவை எடுத்தார். என் ரிப்போர்ட்டின் கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "இதையாவது அழிக்காம வச்சுக்க."

எதையும் சேர்த்து வைக்கத் தேவையில்லை என்று ஊரோடு வாதாடி ஜெயித்த நான், அந்த ஒரு தாளை மட்டும் லேமினேஷன் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.