பெயர் இல்லாத அட்டைகள்

சிமோன் என்ற பெயரை ழானெத் முதலில் கேட்டது எண்பத்திரண்டில். தலத்தெரு சவியே வீட்டுப் பையன் பெண் பார்க்க வருகிறான், பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் படித்தவன் என்று அவள் அத்தை மார்கெரித் வந்து சொன்னாள். அந்தப் பெட்டி எப்படியிருக்கும் என்று காரைக்காலில் அப்போது யாருக்குத் தெரியும்?

கல்யாணமாகி ஏழாவது வருஷம், சிமோன் வேலை பார்த்த அச்சகத்துக்கும் கம்ப்யூட்டர் வந்திருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பழைய சிப்பாய்களின் சங்கம், பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலு விருந்துக்கு அழைப்பு அட்டை கேட்டது. கொடுத்த பட்டியலில் பெயர்கள் இரண்டு தினுசு. கிறிஸ்தவ வீட்டார் குடும்பப் பெயர் போட்டு, கமா வைத்துச் சொந்தப் பெயர் எழுதியிருந்தார்கள்: சவியே, அல்பேர். மற்றவர்கள், செல்லையன் மகன் குஞ்சிதபாதம் என்று.

இப்படியோ அப்படியோ, எது இருந்தாலும் பிடித்துக்கொள் என்று சிமோன் கம்ப்யூட்டருக்கு ஒரே வரியில் எழுதிக் கொடுத்தான். பெயரில் பிடித்த துண்டுகளை அது நம்பர் போட்ட அறைகளில் வைக்கும். கமா வீட்டாருக்கு ஒன்றில் குடும்பப் பெயர், இரண்டில் சொந்தப் பெயர். மகன் வீட்டாருக்கு நம்பர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காது, மூன்றில் அப்பா பெயர், நாலில் சொந்தப் பெயர். சிமோனோ எல்லோருக்கும் இரண்டாம் அறையைத்தான் திறந்து பெயரை எடுத்தான். மகன் வீட்டாருக்கு அது காலி.

விருந்தன்று பதக்கத்தைக் குத்திக்கொண்டு குரும்பகரத்திலிருந்து குஞ்சிதபாதம் வந்தார். வாசலில் நின்ற சிமோனிடம் அட்டையை நீட்டினார்.

"விலாசமெல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. ஆளத்தான் காணும்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவரைப்போல் வெற்று அட்டை போன மற்ற இருபத்துமூன்று பேரும் வரவேயில்லை. வேதக்காரப் பையன் தன் ஆட்களுக்கு மட்டும் பெயர் போட்டான் என்று திருநள்ளாறு வரை பேச்சு.

அனுப்புவதற்கு முன்னால் சரிபார்க்கவில்லையா என்று ழானெத் கேட்டாள்.

"பார்த்தேன். நம்ம வீட்டுப் பேரப் போட்டுத்தான் பார்த்தேன்."

அவளுக்கும் முகம் சுருங்கிப்போயிற்று. சோதனைக்கு அடித்த அல்பேர் சித்தப்பா அட்டையை அன்று கையில் வாங்கி, அழகாயிருக்கிறது என்று சொன்னவள் அவள்தானே.

இரண்டாம் அறை காலியென்றால் நாலாம் அறையைப் பார் என்று சேர்த்திருந்தால் போதும். இப்போது சேர்த்து, புதிதாக அடித்து, சைக்கிளில் வீடு வீடாகப் போனான். முடிந்துபோன விருந்துக்கு அட்டை எதற்கு? சிலர் கதவே திறக்கவில்லை. குஞ்சிதபாதம் வாங்கித் தன் பெயரை ஒருதடவை வாசித்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

அதற்கப்புறம் சிமோன் எந்த ஜூலை பதினாலுக்கும் போனதில்லை. இப்போதும் தலத்தெருவில், அதே வீட்டில்தான் இருக்கிறான்.