ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த பெட்டி

எழுபதுகளின் கடைசியில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் நான் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தேன். டிரம் செட்டுக்குப் பின்னால், வெளிச்சம் படாத இடத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டிருப்பார்கள். பாடகிகள் முன்னால் பட்டுப்புடவையில் நிற்பார்கள். பெண் பாடினால் ஊர் பார்க்கும், பெண் கிட்டாரைத் தோளில் மாட்டினால் ஊர் சிரிக்கும் என்பது மாஸ்டரின் எண்ணம். குழு அவருடையது, வேனும் அவருடையது. முன்பு வாசித்தவன் துபாய்க்குப் போய்விட்டதால், வேறு ஆண் கிடைக்கும்வரை நான்.

பிறந்தது சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கொஞ்ச காலம் அண்ணனோடு காய் பறித்தேன். பிறகு பஸ் ஏறிவிட்டேன். போடியில் ஓர் ஓட்டலில் மாவாட்டினேன். கோயம்புத்தூரில் மில் வேலை நிலைக்கவில்லை. பாலக்காட்டில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்து, ஈயம் பற்றவைக்கக் கற்றுக்கொண்டேன். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத கிட்டார் ஒன்று அங்கே சுவரில் தொங்கியது. கடைக்காரருக்கு அது இடைஞ்சல். நான் எடுத்துக்கொண்டேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வளைகுடாவிலிருந்து வந்த ஒருவர் டேப் ரிக்கார்டரைப் பழுதுபார்க்கக் கொடுத்தபோது ஒரு கேசட்டும் சேர்ந்து வந்தது. அட்டையில் கிட்டாரோடு ஒரு பெண் நின்றாள். சிரிக்கவில்லை. வாசிப்பில் இனிமை என்று ஒன்றுமே இல்லை. வெட்டி வெட்டிப் போட்டதுபோல இருந்தது. அந்த வகை மேற்கத்திய இசைக்குப் புது அலை என்று பெயர் என்பதெல்லாம் பிற்பாடு யாரோ சொல்லித் தெரிந்தது.

எனக்கு அந்தச் சத்தம் ஏற்கெனவே தெரியும். லயத்தின் தகரக் கூரையில் ஆடி மழை விழும்போது பக்கத்தில் இருப்பவரோடும் கத்தித்தான் பேச வேண்டும். அம்மா அப்படியொரு மழையில்தான் காய்ச்சலில் செத்தாள். நானும் அண்ணனும் அடுப்படியில் குளிர்காய்ந்துகொண்டிருந்தோம். கூப்பிட்டிருப்பாள். கேட்கவில்லை.

கடையில் எலி கடித்த ஸ்பீக்கர் ஒன்று கிடந்தது. ஒரு நாள் கிட்டாரை அதில் மாட்டிப் பார்த்தேன். அதே தகரக் கூரைச் சத்தம் வந்தது. உடனே என் கிட்டாருக்கென்று நானே செய்து வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்து, உள்ளே கூம்பாக இருக்கும் காகிதத்தைப் பிளேடால் கீறினேன். அந்த மழையை வைத்து ஒரு பாட்டு செய்தேன். வார்த்தை கிடையாது. சினிமாப் பாட்டுகளைக் குழுவின் பொதுப் பெட்டியில் வாசிப்பேன். கீறிய பெட்டி என் பாட்டுக்கு மட்டும்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் குழுவைக் கூப்பிட்டார்கள். மாஸ்டரிடம் போய் நின்றேன்.

"அது நான் பொறந்த தோட்டம் மாஸ்டர். என் பாட்டு ஒண்ணே ஒண்ணு. முன்னால நின்னு வாசிக்கணும்."

"ஏனம்மிணி, அந்தக் கரகரச் சத்தத்தையா? கோயில்லயா?"

"ஆமா மாஸ்டர்."

வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். "செரி, வாசிச்சுப் போடு. சனம் கை தட்டுச்சுன்னா எல்லாக் கச்சேரிலயும் முன்னாலயே நின்னுக்க. தட்டலீன்னா, கோயமுத்தூர்ல ஒருத்தனப் பேசி வெச்சிருக்கறேன், அவன் வந்துருவான். அப்பறம் கோவிச்சுக்கக் கூடாது."

கச்சேரிக்கு முதல் நாளே போய்ச் சேர்ந்தோம். பெட்டியை அண்ணன் வீட்டில் வைத்துவிட்டு மேடை கட்டும் இடத்துக்குப் போனேன். அண்ணனுக்கு ஸ்டோரில் வேலை. எங்கள் பக்கம் ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்தும் கட்டடம். வெளியே விறகு எரியும், சூடு இரும்புக் குழாய்களில் உள்ளே ஓடும், வலைத்தட்டுகளில் பச்சைக்காய் காயும். மழைக்காலத்தில் லயத்தில் எது நனைந்தாலும் அங்கேதான் போகும். கல்யாண வேட்டி, பிள்ளைகளின் கம்பளி, பள்ளிக்கூடப் பை எல்லாம் ஏலக்காய் மணத்தோடு திரும்பி வரும்.

சாயங்காலம் வந்து பார்த்தால் பெட்டியைக் காணோம்.

"பொட்டி எங்க மதினி?"

"ஒங்கண்ணன் ஸ்டோருக்குத் தூக்கிட்டுப் போனாக. லயத்துல ஒரே ஈரமாம், கெட்டுப்போயிருமாம். எனக்கு ஒரு கம்பளி காயவச்சுத் தர நாலு தடவ கெஞ்சணும். தங்கச்சி பொட்டின்னா கேக்காமலே போகுது."

அண்ணனுக்கு என்மேல் இவ்வளவு அக்கறையா என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. மறுநாள் பெட்டியை அவரே நேராக மேடைக்குக் கொண்டுவந்து வைத்தார். லயத்தில் அப்போது கரண்ட் கிடையாது. கச்சேரி தொடங்கும்போதுதான் ஜெனரேட்டரை ஓட்டினார்கள். வாசித்துப் பார்க்க வழியில்லை.

நாலைந்து பாட்டுக்குப் பிறகு மாஸ்டர் கையசைத்தார். ஸ்டூலை விட்டு எழுந்து முன்னால் போனேன். கூட்டத்தில் ஒருத்தி என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஏய், நம்ம ஸ்டோர்க்காரர் தங்கச்சிடி. இடுப்புல கூடை கட்டுனவ, இப்ப தோள்ல எதைக் கட்டியிருக்கா பாரு."

"காய் பறிக்க இது புது கூடையாக்கும்."

சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்று தெரியும். பெட்டி சூடேறியது. உள்ளிருந்து ஏலக்காய் வாசனை வந்தது.

தந்தியை அடித்தேன். மழை வரவில்லை. மணி அடித்ததுபோல உருண்டையாக, சுத்தமாக ஒரு சத்தம் வந்தது. குமிழை முழுக்கத் திருப்பி இன்னும் ஓங்கி அடித்தேன். இன்னும் இனிப்பாக வந்தது. நிறுத்தினால் கோயம்புத்தூர்க்காரன் வந்துவிடுவான். விரல் பழகிய பாட்டை விரல் வாசித்தது. கரகரப்பு போனபின் அதில் மிச்சமிருந்தது ஒரு சோகமான மெட்டு, அவ்வளவுதான். கூட்டம் அமைதியானது. முடிந்ததும் தட்டினார்கள், வெகுநேரம்.

மேடைக்குப் பின்னால் அண்ணன் முகமெல்லாம் மலர்ந்து நின்றார்.

"கேட்டியா புள்ள? ஒன் பொட்டியத் தொடச்சு வைப்போம்னு தொறந்தேன். உள்ள காகிதம் கிழிஞ்சு தொங்குது. ஊர் முன்னால ஒன் மானம் போயிருக்கும். மைதாப் பசை காய்ச்சி, காகிதம் வச்சு ஒட்டி, ஸ்டோர்ல தட்டுக்குப் பக்கத்துல வச்சுக் காயவிட்டேன். யாருகிட்டயும் மூச்சு விடல."

நான் கிட்டார் வயரைச் சுருட்டத் தொடங்கினேன்.

"தாலாட்டு மாதிரி இருந்துச்சு புள்ள. அம்மா இருந்திருக்கணும்."

"நல்லா ஒட்டியிருக்கண்ணே," என்றேன்.

மாஸ்டர் வந்து முதுகில் தட்டாத குறை. "இதுதான் அம்மிணி சத்தம். இப்படியே வாசி. இனி முன்னாலயே நின்னுக்க."

அப்படித்தான் எனக்கு மேடையின் முன்பக்கம் கிடைத்தது. பாட்டுக்கு 'அம்மன் தாலாட்டு' என்று மாஸ்டர் பெயர் வைத்தார். நெம்மாறையிலும் வடவன்னூரிலும் அதை அறிவித்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். பட்டுப்புடவையும் வாங்கிக் கொடுத்தார். நான் கேட்டது இதைத்தானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறை கூட்டம் கை தட்டும்போதும், அம்மா கூப்பிட்டது இன்னொரு தடவை யாருக்கும் கேட்காமல் போனது.

பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு கச்சேரிக்கு முன் பெட்டியைத் திறந்து, அண்ணன் ஒட்டியதை நகத்தால் பெயர்த்தேன். வறண்ட பசை சில்லுச் சில்லாக வந்தது. மேடையேறி ஒரே ஓர் அடி. அந்தத் தகரக் கூரை மழை வந்தது. அதற்குள் மைக் செட்காரர் ஓடிவந்து வயரைப் பிடுங்கிவிட்டார். ஷார்ட் ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

"ஒட்டியிருந்த பொட்டிய எவளாச்சும் கிழிப்பாளா?" என்றார் மாஸ்டர். கோபம்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். அடுத்த கச்சேரிக்குக் கோயம்புத்தூர்க்காரன் வந்துவிட்டான். புடவையை நான் திருப்பிக் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொண்டார்.

அதன்பின் கொச்சியில் ஓட்டல் பாரில் வாசித்தேன், மூணாறு கிளப்பில் வாசித்தேன், சர்ச் கல்யாணங்களில் வாசித்தேன். எங்கேயும் பொதுப் பெட்டிதான். அந்தப் பாட்டை யாரும் கேட்கவில்லை, நானும் வாசிக்கவில்லை.

தோட்டத்துக்கு எப்போது போனாலும், மதினி காப்பி கொண்டுவருவதற்குள் அண்ணன் கேட்டுவிடுவார்.

"ஒட்டு நிக்குதா புள்ள?"

"நிக்குதண்ணே."

"நிக்கும். ஸ்டோர்ல காஞ்சதுல்ல."