மேசைமேல் நாற்பது சீட்டு

பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிறவரை எல்லோருக்கும் தெரியும், தைக்கிறவரைத் தெரியும். எந்த அளவில் வெட்டுவது என்ற சீட்டைத் தேடிக் கொடுக்கிறவனை, சீட்டு கிடைக்காத அன்றைக்கு மட்டும்தான் தெரியும். அறுபதுகளில் திருப்பூரில் அந்த ஆள் நான். வீட்டுச் சாவியைத் தேடி அலைகிற உங்களுக்கு என் கஷ்டம் புரியும். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகள், "அதுக்குள்ளயும் இதே தலைவலிதானுங்கப்பா. எதைக் கைக்கெட்டற இடத்துல வெக்கிறது, எப்படிக் கிளை பிரிச்சா சீக்கிரம் கிடைக்கும்னுதான் மண்டையை உடைச்சுக்கறோம்" என்கிறாள். அவளுக்கு மண்டைதான் உடைகிறது, எனக்கு வேலையே போகிற விஷயம். சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்: "மூணு மாசம் பாக்கறனுங்க தம்பி. சீட்டுக்காகக் கட்டிங் மேசை சும்மா நிக்கக் கூடாது. நின்னா நீங்க ஊட்டுக்குப் போயிரலாம்."

பெருத்த கிளை

சீட்டுகளெல்லாம் மாடி அறையில். எனக்கு முன்பிருந்தவர் வியாபாரிகளின் ஊர்வாரியாகக் கட்டி வைத்திருந்தார். பார்க்க அழகுதான். ஆனால் எங்கள் சரக்கில் முக்கால்வாசி கல்கத்தாவுக்குப் போனது. மதுரைக் கட்டில் நாலு சீட்டு, கல்கத்தாக் கட்டில் முந்நூறு. கட்டிங் மாஸ்டர் கருப்பண்ணன் கீழேயிருந்து குரல் கொடுப்பார். நான் அந்த முந்நூறையும் புரட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரு வாரம் அவர் எப்படிக் கேட்கிறார் என்று கவனித்தேன். முதலில் கை வைத்ததா, கையில்லாததா என்பார். அப்புறம் சைஸ். ஊர் கடைசியில்தான் வரும். அந்த வரிசையிலேயே பிரித்தேன். எந்தக் கட்டாவது முப்பதைத் தாண்டினால் உடனே இரண்டாக்கி, எது எங்கே என்று மேல் அட்டையில் எழுதி வைத்தேன். பிறகு எந்தச் சீட்டானாலும் நாலு இடம் பார்த்தால் கைக்கு வந்துவிடும். ஒருநாள் மாடிக்கு வந்து எட்டிப் பார்த்த மாஸ்டர் சொன்னார்: "முன்னெல்லாம் ஒரே கிளைதானுங்க இருந்துச்சு, மத்ததெல்லாம் வெறும் குச்சி."

எதைத் தூக்கிப் போடுவது?

தேடுவது சுலபமானாலும் பதினெட்டுப் படி ஏறி இறங்க வேண்டுமே. அதனால் கட்டிங் மேசைமேல் ஓரமாக நாற்பது சீட்டு நிற்கிற மாதிரி நீளமான மரப்பெட்டி ஒன்று வைத்தேன். அடிக்கடி கேட்கிற சீட்டுக்கு நகல் எழுதி அதில் போடுவேன். பெட்டி நிறைந்தால், முதலில் வந்ததை முதலில் எடுத்துப் போட்டேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு! முதலில் வந்தவைதான் தினமும் கேட்கிற சீட்டுகள் என்று மூன்றே நாளில் தெரிந்தது. தூக்கிப் போட்டதற்கே திரும்பப் படியேறினேன்.

வழியை மாற்றினேன். எடுத்த சீட்டைத் திருப்பி வைக்கும்போது முன்னால் வைப்பேன். யாரும் கேட்காதது தானாகப் பின்னால் போய்விடும். இடம் வேண்டுமென்றால் கடைசிச் சீட்டைக் கிழித்துப் போடுவேன். இதை நின்று பார்த்த முதலாளி சொன்னார்: "கேட்டதையே கேக்கறது மாஸ்டர் சுபாவமுங்க தம்பி. அதை வெச்சே நீங்க பொழச்சுக்குவீங்க."

கிழித்த சீட்டு

மூன்று மாதம் முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. கல்கத்தா வியாபாரி ஒருவர், உடம்பு நீளம் இரண்டு அங்குலம் கூட வேண்டும் என்று கடிதம் போட்டார். பெட்டியிலிருந்த நகலில் பென்சிலால் திருத்தினேன். மாடியிலிருக்கும் அசலை, மற்றத் திருத்தங்களோடு சனிக்கிழமை சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். முதலாளி கேட்டபோது, "மாத்திட்டேனுங்க" என்றேன். அதற்குள் புதுச் சீட்டுகள் வரிசையாக வந்தன. அந்த நகலை யாரும் கேட்காததால் கடைசிக்குப் போயிற்று. வழக்கம்போல் கிழித்துப் போட்டேன். சனிக்கிழமை ஞாபகப்படுத்தப் பெட்டியில் அது இல்லை, எனக்கும் மறந்தே போயிற்று.

அடுத்த வாரம் அவருடைய ஆர்டர் வந்தது. திருத்தாத அசலைப் பார்த்து நகல் எழுதிக் கொடுத்தேன். மாஸ்டர் அறுபது டஜன் வெட்டி முடித்தார். அத்தனையும் இரண்டு அங்குலம் குட்டை. முதலாளி அவர்மேல்தான் பாய்ந்தார். "மாத்தியாச்சுன்னு தம்பி அப்பவே சொல்லிட்டாரு. நீ பழைய சீட்டைப் பாத்து வெட்டிருக்கே." மாஸ்டர், "குடுத்த சீட்டுங்க" என்று மட்டும் சொன்னார். நான் தரையைப் பார்த்து நின்றேன். அப்போது வாயைத் திறக்காததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. மாஸ்டர் கத்திரியைத் துடைத்து மேசைமேல் வைத்தார்: "அளவு தெரியாதவன்னு நாலு பேர் பேசறதுக்கு முன்னாடி நானே போயிக்கறனுங்க."

நல்லூருக்கு

மத்தியானம் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை போயிற்று என்றே முடிவு கட்டியிருந்தேன். அவர் கணக்கு நோட்டை மூடினார். பிறகு, "துணியைச் சின்ன சைஸா வெட்டிக்கலாமுங்க. அந்த மனுஷனைப் பேசுன பேச்சை என்னுங்க பண்றது?" என்றபடி செருப்பை மாட்டினார். "வாங்க போலாம்."

மாஸ்டர் வீடு இருக்கும் நல்லூர் வரைக்கும் வெயிலில் நடந்தோம். மாஸ்டர் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி கும்பிட்டார், நானும் கும்பிட்டுத் தப்பு என்னுடையது என்றேன். அவருக்குக் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பி வந்து, வேர்த்து வடிந்த எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "அன்னைக்கே பதினெட்டுப் படி ஏறி எழுதியிருந்தா, இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் இத்தனை தூரம் நடந்திருக்க வேண்டாமுங்க."

அதற்கப்புறம் திருத்தம் வந்த நிமிஷமே மாடியேறி அசலிலும் எழுதிப் பதினோரு வருஷம் அங்கேயே வேலை பார்த்தேன். யாருடைய பனியனும் அங்குலம் குறையவில்லை, என் முழங்கால்தான் தேய்ந்தது.