சான்டோ டொமிங்கோ கோயிலில் எழுதிய பெயர்

சான்டோ டொமிங்கோ துறைமுக முகவர் கப்பலுக்கு அந்த ஃபக்ஸைக் கொண்டுவந்தபோது காலை ஏழு மணி. நான் முட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். செஃப் என்னைக் குளிர் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தாளில் ஜெர்மனில் நாலு வரி. ஸ்தனிஸ்லாஸ் அண்ணையின் தங்கை ஸ்டுட்கார்ட்டிலிருந்து கம்பனிக்கு அனுப்பியிருந்தார். அண்ணையின் மகள் ரீற்றா கொழும்பில் காய்ச்சலால் இறந்துவிட்டாள். நாளை அடக்கம். தாய் லொட்ஜில் தனியே இருக்கிறார். உடனே போன் எடுக்கவும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பிரேமர்ஹாஃபனிலிருந்து புறப்படும் ஒரு பழைய உல்லாசக் கப்பலில் நான் மூன்றாம் சமையல்காரன். அண்ணை சலவைப் பகுதி. இருவரும் மன்னார். மேசைவிரிப்போடு தன் காலுறைக்கும் இஸ்திரி போடுகிற மனிதர் அவர். மனைவியையும் பதினான்கு வயது மகளையும் ஜெர்மனிக்கு எடுக்க அன்ராக் என்கிற விண்ணப்பம் போட்டு இரண்டு வருடமாகிவிட்டது. விசாவுக்காகத்தான் அவர்கள் கொழும்பில் லொட்ஜ் எடுத்துக் காத்திருந்தார்கள்.

"இப்ப சொன்னா ஆள் நேர எயார்போட்டுக்குப் போயிடும்," என்று ஜெர்மனில் சொன்னார் செஃப். "இரவைக்குப் பெரிய விருந்து. கப்பல் வெளிக்கிட்ட பிறகு சொல்லு. நீதானே அவரின்ர மொழி கதைக்கிறனீ."

எனக்கு ஒப்பந்தம் முடிய இரண்டு கிழமை இருந்தது. செஃப் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதை நீட்டுவது அவர் கையில் என்று நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். சரி என்று தலையாட்டினேன்.

மத்தியானம் இரண்டு மணிநேரம் ஓய்வு. அண்ணை சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்து நின்றார். அமெரிக்கக் கண்டத்திலேயே பழைய பேராலயம் இந்த நகரத்தில்தானாம், பார்க்காமல் போனால் பாவம் என்றார். மறுக்க ஒரு சாட்டும் வரவில்லை. கூடப் போனேன்.

ஸ்பானியர் கட்டியது. வெயிலில் பழுத்த மஞ்சள் கல். உள்ளே நல்ல குளிர்மை. ஊர்ப் பழக்கத்தில் இருவரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றினோம். எங்கள் கப்பலிலேயே வந்த ஜெர்மன்காரர் சிலர் எங்கள் கால்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பறங்கியர் கட்டிய எங்கள் கோயில்களுக்கு இது அண்ணன் முறை என்று அண்ணையும் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் ஒருவர் பூசைக்குப் பெயர் எழுதும் கொப்பியை நீட்டினார். இடப்பக்கம் உயிரோடு இருப்பவர்களுக்கு, வலப்பக்கம் இறந்தவர்களுக்கு என்று கையாலேயே விளக்கினார். அண்ணை சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். இடப்பக்கத்தில், ஆங்கில எழுத்தில், ஒவ்வொன்றாக ரீற்றா என்று எழுதினார். எழுத வசதியாக நான் கொப்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்ராக் சரிவந்தா பிள்ளையை ஒருக்கா இஞ்ச கூட்டிக்கொண்டு வரோணும் தம்பி," என்றார்.

வெளியே வந்தபோது எதிரில் ஒரு டெலிபோன் கடை. திறந்திருந்தது. அதைக் கடந்துதான் கப்பலுக்குத் திரும்பினோம்.

கப்பல் வெளிக்கிட்டதும் சலவை அறைக்குப் போய்ச் சொன்னேன். அண்ணை மெஷினை நிறுத்தினார்.

"எப்ப வந்தது?"

"விடிய ஏழு மணிக்கு."

"அப்ப, கோயிலுக்குள்ள உனக்குத் தெரியும்."

"ஓம் அண்ணை."

அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் என்னைத் தாண்டி வெளியே போனார்.

கப்பல் போனில் கொழும்புக்கு லைன் கிடைக்க மறுநாள் மத்தியானமாகிவிட்டது. அடக்கம் முடிந்திருந்தது. பேசிவிட்டு அவர் சமையலறை வாசலுக்கு வந்தார்.

"நான் போன் எடுப்பன் எண்டு, மனுசி பெட்டியை மூட விடாமல் வைச்சிருந்தவவாம்," என்றார். அதுதான் அவர் என்னோடு கடைசியாகப் பேசியது. அடுத்த துறைமுகத்தில் இறங்கிப் போய்விட்டார்.

என் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு நீண்டது. கையெழுத்துப் போட்டேன்.

இப்போது பிரேமனில் ஒரு பெரிய கன்டீனின் சமையலறை என் பொறுப்பு. அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்ய வருகிற பிள்ளைகளுக்குக் கத்தி பிடிக்கக் காட்டுவதற்கு முன் ஒன்று சொல்வேன். ஒருவருக்கு வந்த செய்தி அவருடையது. அடுப்பில் எது கருகினாலும் கருகட்டும், யார் தடுத்தாலும் தடுக்கட்டும், கையைத் துடைத்துவிட்டுப் போய்ச் சொல்லுங்கள். கப்பல் வெளிக்கிடும்வரை சொல்லாதே என்று செஃப் சொன்னது உண்மை. ஆனால் கோயிலுக்குள் செஃப் இல்லை. அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.