ஒருவராகிப்போன இருவர்

எங்கள் கிளப்பில் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து ஆபீஸ் போன் அடித்தால் எடுக்கவே பயப்படுகிறேன். கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அது செய்தது ஒன்றுமில்லை. செய்தவள் நான்.

கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடினார்களே தவிர, ஹாக்கியையும் ஃபுட்பாலையும் யாரும் மூடவில்லை. அந்த விளையாட்டு கிளப்பின் ஆபீசில் நான் ஒருத்திதான். உறுப்பினருக்கு ஒரு பக்கம் என்று தடித்தடியாக நான்கு ரிஜிஸ்தர்கள் இருந்தன. பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, முகவரி. பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் உடம்பு விவரம்: யாருக்கு இழுப்பு, யாருக்கு வலிப்பு, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. மேல் மூலையில் பென்சிலால் இன்னொன்றும் இருக்கும். அப்பா சுரங்கத்தின் எந்தக் குழியில், எந்த ஷாஃப்டில், வேலைக்கு இறங்கினார் என்பது. எனக்கு முன்னால் இருந்த கிளார்க்கின் பழக்கம் அது. சுரங்கமே போய்விட்டது, ஷாஃப்டைக் கட்டிக்கொண்டு அழுகிறாரே என்று அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

புது கம்ப்யூட்டரில் ஷாஃப்டுக்குக் கட்டம் இல்லை. நானும் விட்டுவிட்டேன். எனக்குப் பொறுமை கிடையாது. இரண்டு மாதத்தில் முடிக்கச் சொன்ன வேலையை ஐந்து வாரத்தில் முடித்துக் காட்டவேண்டும் என்று வீம்பு. ஒரு நாள் ஒரு பக்கத்தை அடித்து முடித்ததும், இந்த உறுப்பினர் ஏற்கெனவே இருக்கிறார், இரண்டையும் ஒன்றாக்கிவிடவா என்று திரை கேட்டது. பார்த்தேன். அதே பெயர், அதே அப்பா பெயர், அதே பிறந்த தேதி. முகவரி வரை நான் போகவில்லை. பழைய கிளார்க் கிழவர் ஒரே ஆளை இரண்டு தடவை எழுதி வைத்திருக்கிறார் என்று எரிச்சல் வந்தது. ஒன்றாக்கு என்று அழுத்தினேன். அதன்பின் அந்தக் கேள்வி வந்தபோதெல்லாம் படித்துக்கூடப் பார்க்காமல் அழுத்தினேன்.

எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த எவளும் செய்யக்கூடாத தப்பு அது. இங்கே கோயிலில் ஞானஸ்நானத்துக்கு வைக்கிற பெயர்கள் பத்துப் பதினைந்துதான், அவையே தாத்தாவுக்கும் பேரனுக்கும் சுற்றிச் சுற்றி வரும். பிறந்த தேதியோ பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஹெட்மாஸ்டர் போட்டது. ஒரு வகுப்பே ஜூன் ஒன்றாம் தேதி பிறந்திருக்கும். நான் பிறந்தது மார்கழிக் குளிரில் என்று அம்மா சொல்வாள், என் சர்டிபிகேட்டிலும் ஜூன் ஒன்றுதான். வீடு மாறினால் முகவரியும் மாறிவிடும்; ஆளை நிச்சயமாகப் பிரித்துக் காட்டியது அந்தப் பென்சில் குறிப்பு மட்டும்தான்.

வேலை முடிந்ததும் செயலாளர் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். கறையான் ஏறுகிறது என்று ரிஜிஸ்தர்களை ராபர்ட்சன்பேட்டை பழைய பேப்பர் கடைக்குக் கொடுத்துவிட்டோம். கயிறு போட்டுக் கட்டியதும் நான்தான்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஹாக்கி மேட்ச். பதினோரு மணி வாக்கில் கோச் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார்.

"அக்கா, நம்ம ஃபுல்பேக்குக்கு நெத்தியில பந்து பட்டு பொளந்துகிச்சு. நெனவு இல்ல. ஊசி போடணுமாம், எதுனா மருந்து ஒத்துக்காதான்னு டாக்டர் கேக்கறாரு. சம்சாரம் பெங்களூருல வேலைக்குப் போயிருக்காங்க, போன் எடுக்கல. கொஞ்சம் பாருங்க."

பின்னால் நின்று கோலைத் தடுக்கும் அந்த ஆட்டக்காரரின் பெயரை அடித்தேன். உடம்பு விவரம் காலியாக இருந்தது.

"ஒண்ணும் இல்ல, போடச் சொல்லுங்க" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் முகவரி கண்ணில் பட்டது. நந்திதுர்க். ஃபுல்பேக்கின் வீடு உரிகத்தில். அந்த வாசலைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்கு வருகிறேன்.

 திரையில் இருப்பவர் வேறு ஆள். ஒன்றாக்கியபோது ஃபுல்பேக்கின் பக்கம்தான் அழிந்துபோயிருக்கிறது. அதில் சிவப்பு மை இருந்ததா என்பது ஞாபகம் வரவில்லை. கண்ணை மூடி மூடிப் பார்த்தேன், வரவில்லை. கோச்சின் நம்பரை மூன்று தடவை அடித்தேன், எடுக்கவில்லை. ஆபீசைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன்.

ஆட்டோ மார்க்கெட் சந்தில் மாட்டிக்கொண்டது. இறங்கி ஓடினேன். ஐம்பத்திரண்டு வயசுப் பொம்பளை புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் செத்துவிட்டார், நான் கொன்றுவிட்டேன் என்பது மட்டும் தலைக்குள் ஓடியது. பள்ளிக்கூடம் போகும் அவருடைய இரண்டு பெண்களின் முகம் வேறு வந்து வந்து போனது.

தையலை முடித்துவிட்டு டாக்டர் அப்போதுதான் ஊசியை ஏற்றிக் கையில் வைத்திருந்தார்.

"போடாதீங்க!" நான் போட்ட கூச்சலில் நர்ஸ் டிரேயை நழுவவிட்டாள்.

"இன்னாம்மா? ஒத்துக்காதா?"

"தெரியல சார்."

"அப்புறம் எதுக்கு ஒண்ணும் இல்லன்னு போன்ல சொன்னீங்க?"

இந்த ஜென்மத்தில் அந்தக் கேள்வி என்னை விடாது.  டாக்டர் அந்த ஊசியை ஒதுக்கிவிட்டு வேறு மருந்து எடுத்தார். அதற்கும் முதலில் ஒரு துளியைத் தோலில் குத்திவிட்டுக் காத்திருந்தார். அந்தக் கால் மணி நேரம் நான் அந்தத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் ஃபுல்பேக்கின் மனைவி போன் செய்து அந்த முதல் மருந்தின் பெயரைக் கேட்டதும் அலறினாள். கல்யாணமான புதிதில் அதைப் போட்டுத்தான் அவருக்குத் தொண்டை வீங்கி, மூச்சு நின்று, பிழைத்ததே பெரிய பாடாம்.

இரண்டு வாரம் கழித்து, நெற்றியில் தையல் தழும்போடு அவர் ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு கேக் பொட்டலம்.

"சம்சாரம் குடுத்தனுப்பிச்சா அக்கா. எனக்கு ஆவாதுன்றத நீங்க ஞாபகம் வெச்சிருந்து ஓடியாந்தீங்களாமே."

வாங்கி மேசையில் வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டு நின்றார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஊரில் நல்ல பெயர். ஆனால் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்க மனம் வரவில்லை. உட்காரச் சொன்னேன். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குனிந்து, திரையில் தன் பெயருக்குக் கீழே இருந்த இன்னொருவரின் விவரத்தை வரி வரியாகப் படித்தார்.

"அப்போ நான் இதுல இல்லவே இல்லியா அக்கா?"

"இல்ல தம்பி."

"என்ன மாதிரி இன்னும் எத்தினி பேரு இல்ல?"

எத்தனை தடவை அந்தப் பொத்தானை அழுத்தினேன் என்பது எனக்கே தெரியாது. அவரிடமும் அதைத்தான் சொன்னேன்.