துப்பாக்கி ஏந்திய மோகனசுந்தரம்

மீனாட்சிபுரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மோகனசுந்தரத்துக்குச் சிலை வைத்தபோது அவன் மகள் தமிழ்ப்ரியா கைக்குழந்தை. முறுக்கிய மீசையும் நீட்டிய துப்பாக்கியுமாக ஊர் இளைஞர் மன்றம் எழுப்பிய சிலை அது. மோகனசுந்தரம் மீசையே வைத்ததில்லை. பட்டாளத்தில் அவன் சமையல்காரன். பனிமலை உச்சியில் காவல் நின்றவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோன வழியில் பனி சரிந்து அவனை மூடிவிட்டது.

மனைவி கிருத்திகா அன்று ஒன்றும் சொல்லவில்லை. மாமனார் சின்னையன் தினமும் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுச் சிலையடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வருவார். எதிரியை மறித்து நின்ற பையன் என்று யாராவது சொன்னால் அவர் முதுகு நிமிரும். அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது தமிழ்ப்ரியா அப்பாவை வரைந்துகொண்டு வந்தாள். அதே மீசை, அதே துப்பாக்கி.

"அப்பா எத்தன பேரச் சுட்டாரும்மா?"

கிருத்திகா கல்யாணப் போட்டோவை எடுத்துக் காட்டினாள். குழந்தை உற்றுப் பார்த்தது. "இது அப்பா மாதிரியே இல்லையே!"

அந்தக் குடியரசு தினத்தில் சிலைக்கு மாலை போட்டதும் கிருத்திகா மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

"அவரு யாரையும் சுட்டதில்லைங்க. சோறாக்கிப் போட்டாருங்க. பசியோட நின்னவங்களுக்குச் சோறு கொண்டுபோறப்பத்தான் செத்தாரு. எம்புள்ளைக்கு அது தெரியோணுங்க."

சின்னையன் யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். அதன்பின் மருமகளிடம் பேச்சில்லை. சிலைப் பக்கம் போகாமல் பாலை வாய்க்கால் கரை வழியாகச் சுற்றிக் கொண்டுபோனார்.

மன்றத்துத் தலைவன் ரமேஷ்குமார் தயங்கித் தயங்கி வீட்டுக்கு வந்தான். "சிலைய மாத்த முடியாதுங்க்கா. அவரு என்ன பண்ணுனாருன்னு கீழ கல்லுல வெட்டிப் போடறோம்." அவள் தலையாட்டினாள். பக்கத்தில் மாட்டுக்குத் தீவனம் கலந்துகொண்டிருந்த சின்னையன் நிமிரவே இல்லை.

கல்வெட்டு வைத்த வாரத்தில் ஒருநாள் அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அம்மணி, அத்தன குளுருல அடுப்பு எப்படிப் பத்தும்?"

"மண்ணெண்ணெ அடுப்புங்க மாமா. பருப்பு வேகறதுக்குள்ள பொழுதே போயிரும்னு போன்ல சிரிப்பாருங்க."

"எங்கிட்ட இதெல்லாம் சொன்னதே இல்ல." சின்னையன் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நானும் கேட்டதில்ல. உங்கிட்ட இன்னும் என்னென்ன சொல்லுவான்?"

கிருத்திகா அடுப்பை அணைத்துவிட்டு மகளையும் கூப்பிட்டாள்.