செப்பு அண்டாவில் வைத்த தண்ணீர்

காலை பத்து நாற்பதுக்கு முதல் இறால் மல்லாந்தது. நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். விழுப்புரத்தில் கல்லூரிக்குப் போயிருந்த மகளுக்குப் போன் செய்யலாமா வேண்டாமா என்று சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். கடிகாரத்துக்கு நேர் கீழேதான் அவளுடைய மீன்தொட்டி. பார்வையை இறக்கியபோது, விரல்நகம் அளவுள்ள ஒரு சிவப்பு இறால் மணலில் முதுகு படக் கிடந்து கால்களை உதறிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு, கண்ணாடியில் மோதி மோதி மேலே ஏறின. இறால் அப்படி நீந்தாது. நாளெல்லாம் பாசியைக் கொறித்துக்கொண்டு ஓரிடத்தில் கிடக்கிற பிராணி அது.

மகள் கல்லூரிக்குத் திரும்பிய இரண்டாவது நாள். ஏழு மாதத்துக்கு முன்பு புறவழிச் சாலையைக் கடக்கும்போது ஒரு பைக் அவளைத் தூக்கி எறிந்தது. தொடை எலும்பில் கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, நடக்கவும் தொடங்கினாள், ஆனால் வாசலைத் தாண்டவில்லை. "படிப்பு போதும்மா" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தெருவில் எந்த வண்டி பிரேக் போட்டாலும் இன்றைக்கும் நான் வாசலுக்கு ஓடுகிறேன்.

தொட்டி வந்தது அந்த நாட்களில். விழுப்புரத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு மீன்கடை முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். கடைக்காரர் பிளாஸ்டிக் கோட்டை, ரோஸ் நிறக் கல், வாய் திறந்து மூடும் முதலை எல்லாம் எடுத்து வைத்தார்.

"இதெல்லாம் வேணாண்ணா. ஏரி மாதிரி இருக்கணும்."

"ஏரியாட்டமா? அப்ப இங்க ஏன் வந்த பாப்பா, ஏரிக்கே போயேன்" என்று சிரித்துவிட்டு, இரண்டடிக் கண்ணாடித் தொட்டியும் ஒரு விளக்கும் ஒரு சின்ன ஃபில்டரும் மட்டும் கட்டிக் கொடுத்தார்.

மற்றதை எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்தோம். சரியாகச் சொன்னால், அவள் கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள், நான் கொண்டுவந்தேன். ஏரி வண்டலைச் சலித்து அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பினாள். அதன்மேல் கழுவிய ஆற்று மணல், முன்னால் தாழ்வாக, பின்னால் உயரமாக. கற்களை ஒவ்வொன்றாக எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தாள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள், அது தொட்டிக்கு ஆகாது. நான் தூக்கி வந்த பதினான்கு கற்களில் ஐந்துதான் தேறின. காய்ந்த கொய்யா வேர் ஒன்றை மூன்று நாள் வேகவைத்தோம். தண்ணீரில் டீ நிறச் சாயம் இறங்கிக்கொண்டே இருந்தது.

செடிதான் வேடிக்கை. வெளிநாட்டுப் பெயர் போட்டுக் கடையில் கட்டுக் கட்டாக விற்கிற ஒன்றின் படத்தைக் காட்டி, "இது நெல்லு வயல்ல மொளைக்கிற களைம்மா" என்றாள். என்னோடு வேலை பார்க்கும் டீச்சருக்குக் கண்டாச்சிபுரம் பக்கம் நிலம் உண்டு. அவரிடம் கேட்டதும், களை பறிக்கக் கூலி கொடுத்துக்கொண்டிருப்பவர், இலவசமாக எடுத்துக்கொண்டு போகச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். வயல் மருந்து போகட்டும் என்று மூன்று வாரம் வாளியில் போட்டுத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தோம். தொட்டிக்குள் விளக்கின் கீழே அந்தக் களை நுனியில் சிவந்து நின்றபோது எனக்கே நம்ப முடியவில்லை.

அதற்கப்புறமும் ஐந்து வாரம் மீன் விடவில்லை. மண்ணும் செடியும் தண்ணீரும் மட்டும். மீன் இல்லாத மீன்தொட்டியைத் தினமும் உட்கார்ந்து பார்க்கிறாளே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. கேட்டேன்.

"பாக்டீரியா வளரணும்மா. மீன் கழிவ அதுதான் மாத்தும். நைட்ரஜன் சுழற்சின்னு வருஷா வருஷம் பசங்களுக்கு நடத்துறியே, யாருக்கு நடத்துற?"

ஆமாம், நான் அறிவியல் ஆசிரியை. அதை இங்கே சொல்லாமல் விட முடியாது.

பிறகு பன்னிரண்டு சின்ன மீன்கள், முப்பது இறால்கள். ஒருநாள் கத்தரிக்கோலால் செடிகளை வெட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றிருந்தாள். நிற்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் அவளாகவே சொன்னாள்: "காலேஜுக்குப் போறேன். ஆனா தொட்டிய நீ பாத்துக்கணும். அதுக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் வூட்லயே இருந்துடுவேன், சொல்லிட்டேன்." நான் வாக்குக் கொடுத்தேன், ஒரு வாரம் லீவும் போட்டேன்.

ஆகவே பத்து நாற்பதுக்கு மணலில் மல்லாந்து கிடந்தது வெறும் இறால் இல்லை என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மீன்கடைக்காரருக்குப் போன் செய்து இறாலைப் பற்றிச் சொன்னேன்.

"தண்ணி மாத்துனீங்களா மேடம்?"

"ஒன்பது மணிக்கு ரெண்டு குடம் ஊத்துனேன். அவ சீட்டுல எழுதி வெச்சபடிதான். நேத்து புடிச்சி வெச்ச தண்ணி."

"கொழாத் தண்ணியா? ஒரு ராத்திரி வெச்சா குளோரின் போயிடும். அது சரிதான். எதுல புடிச்சி வெச்சீங்க?"

அவள் எப்போதும் ஒரு பழைய நீல பிளாஸ்டிக் வாளியில்தான் பிடித்து வைப்பாள். உட்புறம் பச்சைப் பாசி படிந்த வாளி. என் பொறுப்பில் வந்த முதல் தண்ணீரை அதில் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. பரணிலிருந்து என் கல்யாணச் சீர் செப்பு அண்டாவை இறக்கி, புளியும் உப்பும் போட்டுப் பளபளவென்று தேய்த்து, அதில் நிரப்பி வைத்தேன். செம்பில் ஓர் இரவு வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று எங்கள் தெருவே குடிக்கிறது. நானும் குடிக்கிறேன்.

"செம்பு அண்டாவுல" என்றேன்.

"அய்யய்யோ. இன்னா மேடம் இப்புடி பண்ணிட்டீங்க! செம்பு இறாலுக்கு வெசம் மேடம். மனுசனுக்கு ஒண்ணும் ஆவாது, இறாலுக்கு ஒரு துளி போதும்."

மயில்துத்தம் செம்பின் உப்பு, அது நத்தையைக் கொல்லும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். புளி, செம்பின்மேல் இருந்த கறுப்பை எடுத்துவிட்டுப் புது உலோகத்தைத் தண்ணீருக்குத் திறந்துவிட்டிருக்கிறது. இதற்கு எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் அண்டாவைத் தேய்த்தபோது நான் டீச்சர் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு நல்ல பாத்திரத்தை எடுக்கிறவளாகத்தான் இருந்தேன்.

"இப்ப பேஜாரு ஆவாதீங்க. பாதித் தண்ணிய எடுத்துடுங்க. போரு தண்ணி இருக்குதா? அதுல பாதி, கேன் தண்ணி பாதி கலந்து, ஒரேடியா ஊத்தாம கொஞ்சம் கொஞ்சமா உடுங்க. கார்பன் பையி ஒண்ணு ஃபில்டர்ல போட்டா மிச்ச செம்ப இழுத்துக்கும். குடோன்ல இருக்குது, எடுத்தாந்து மூணு மணி திண்டிவனம் பஸ்ல கண்டக்டர்கிட்ட குடுத்து உடறேன். இல்ல, பாப்பா இங்கதான இருக்குது, அது கைல…"

"வேணாம். அவகிட்ட சொல்லாதீங்க. தயவுசெஞ்சி."

"சரி சரி. ஜல்தியா தண்ணிய எடுங்க."

ஏழு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் நான் செய்வதற்கு எதுவுமே இல்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு வேலை இருந்தது. ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீரைக் கீழே வாளிக்கு இறக்கினேன். பக்கத்து வீட்டில் மட்டும்தான் போர்வெல் உண்டு. இரண்டு குடத்தோடு போய் நின்றேன்.

"இன்னா டீச்சர், உங்க வூட்ல தண்ணி வரலியா?"

"மீனுக்குத்தான் அக்கா. கேன் தண்ணியோட கலக்கணும்."

"மீனுக்குக் கேன் தண்ணியா? நாங்கெல்லாம் போரு தண்ணியத்தான் குடிச்சிக்கினு கெடக்கறோம். அடுத்த ஜென்மத்துல உங்க வூட்ல மீனாப் பொறக்கணும்" என்றார் அந்த அம்மாள். சொல்லிக்கொண்டே மோட்டாரைப் போட்டார், ஒரு குடத்தை அவரே இடுப்பில் வைத்துக்கொண்டு என் பின்னால் வந்தார். கலந்த தண்ணீரை ஒரு டம்ளரால் தொட்டியின் ஓரமாக விட்டோம். அவர் ஒரு டம்ளர், நான் ஒரு டம்ளர். செத்ததை வலையால் எடுத்து ஒரு சாசரில் வைத்தேன். ஒரு மணிக்குள் ஏழு. இரண்டரைக்குள் இன்னும் இரண்டு. அதற்குப் பின் எதுவும் மல்லாந்து விழவில்லை. மீன்கள் ஒரு மூலையில் கூடி நின்று வேகமாகச் செவுளை அசைத்தன. பிறகு ஒன்று பிரிந்து வேரின் அடியில் போய் எதையோ கொத்தியது.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அம்மாளை உட்காரவைத்துவிட்டுத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வகுப்பு முடிந்து மகள் வருவது அடுத்த பஸ்ஸில். அதற்குள் பையை வாங்கி ஃபில்டரில் போட்டுவிடலாம். அவளிடம் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். எப்படித் திருப்பிப் போட்டாலும் அதில் 'அண்டா' வந்தது.

விழுப்புரம் பஸ் நான்கு மணிக்குச் சற்று முன்னால் வந்து நின்றது. முன்வாசலுக்கு ஓடி, "மீன்கடைப் பார்சல்" என்றேன். கண்டக்டர் விசில் இருந்த கையால் பின்வாசலைக் காட்டினார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள் என் மகள். கையில் கறுப்புப் பை.

கல்லூரியை விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். "கிளாஸ்?" என்று கேட்டேன்.

"கடைசி பீரியட் இல்லம்மா. மீன்கடை அண்ணன் கண்டக்டர்கிட்ட குடுக்க வந்தாரு, நான் சீட்ல உக்காந்துக்கினு இருக்கேன். மறைக்கப் பாத்தாரு, பாவம், வேர்த்துடுச்சி. எல்லாத்தையும் சொல்லிட்டாரு. சொல்ல வேணாம்னு நீ சொன்னதையும் சேத்து. எத்தினி?"

"ஒன்பது."

"மீனு?"

"பன்னண்டும் இருக்கு. என் தப்புதான்டி. நல்ல பாத்திரம்னு நெனச்சி…"

அவள் பையை என் கையில் திணித்துவிட்டு, பஸ்கள் திரும்புகிற இடத்தை ஒரு முறை இருபுறமும் பார்த்துவிட்டு, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"ஒன்பதுதானே. நாளைக்கிக் காலைல ஏழேகாலு பஸ்ஸுக்கு எழுப்பி உடு, லேப் இருக்கு. நீ தண்ணி மட்டும் ஊத்தாத. நான் வந்து ஊத்திக்கிறேன்."